ஒற்றை எஞ்சினில் அட்லாண்டிக்: ஒரு ஃபெர்ரி பைலட்டின் நாட்குறிப்பு

நாள் 1, பேங்கர், மெய்ன் மாநிலம்

காலை ஒன்பது மணிக்கு ஹேங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள், போய் விமானத்தைப் பார்த்தேன். செஸ்னா 182. நாலு பேர் உட்காரலாம். ஒரே எஞ்சின், 230 குதிரைத்திறன். விற்றவர் அமெரிக்காவில் இருக்கிறார், வாங்கியவர் ஸ்காட்லாந்தில் இருக்கிறார். நடுவில் அட்லாண்டிக். அதைத் தாண்டி இந்த விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. இந்தத் தொழிலுக்கு ஃபெர்ரி பைலட் என்று பெயர்.

விமானி என்று சொன்னதும் "எந்த ஏர்லைன்ஸ்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எதிலும் இல்லை என்றால் அடுத்து என்ன கேட்பது என்று அவர்களுக்குத் தெரியாது. வயலுக்கு மருந்து தெளிக்கிறவர்கள், கிளைடரை இழுத்து மேலே விடுகிறவர்கள், காட்டுத்தீ மேல் தண்ணீர் கொட்டுகிறவர்கள், நோயாளியை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் பறக்கிறவர்கள், புதியவர்களுக்குப் பறக்கச் சொல்லித் தருகிறவர்கள் என்று பெரிய கூட்டமே ஏர்லைன்ஸுக்கு வெளியே உழைத்துக்கொண்டிருக்கிறது. ஏர்லைன்ஸ் விமானி கிளம்பும் முன் வானிலை, எரிபொருள், எடை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத் தர ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில், தரையில் இருக்கும் டிஸ்பேச்சரும் கேப்டனும் சேர்ந்து ஒப்புக்கொண்டால்தான் விமானம் கிளம்பும். எங்களில் பலருக்கு அந்த இரண்டாவது ஆள் இல்லை. இன்று போகலாமா, வேண்டாமா? அதை நாமே கேட்டு நாமே பதில் சொல்ல வேண்டும். இந்த வேலையின் பெரிய பங்கு அதுதான் என்று நான் நினைக்கிறேன். பறப்பது அதற்கு அப்புறம்.

இந்த விமானத்தின் இறக்கைகளில் பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் சுமார் 330 லிட்டர். மணிக்கு 50 லிட்டர் குடிக்கும். ஆறரை மணி நேரம் தாங்கும். எதிர்காற்று அடித்தால் கடலுக்கு மேல் அது போதாது. அதனால் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 250 லிட்டர் அலுமினிய டாங்க் ஒன்றை வைத்திருக்கிறார்கள். இதனால் எடை வழக்கமான வரம்பைத் தாண்டுகிறது. அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். வாங்கியாயிற்று.

மதியம் டாங்கைச் சோதிக்க ஊரைச் சுற்றி அரை மணி நேரம் பறந்தேன். வால்வைத் திருப்பி, பின்னாலிருந்து பெட்ரோல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் டாங்கின் பக்கத் தகடு உள்வாங்கி, குழி விழுந்திருந்தது. உடனே வால்வை மூடிவிட்டு இறங்கினேன். பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கான குழாய் தரைத் தகட்டுக்கு அடியில் மடிந்து நசுங்கிக் கிடந்தது. டாங்கைப் பொருத்தியவர் அதைக் கவனிக்கவில்லை. சரிசெய்ய மாலை ஆகிவிட்டது. கரைக்கு மேல் அரை மணி நேரத்தில் தெரிந்தது நல்லதாயிற்று. கடலுக்கு மேல் என்றால் பின்னால் 250 லிட்டர் இருந்தும் ஒரு சொட்டுகூட எஞ்சினுக்கு வந்திருக்காது.

நாள் 2, கூஸ் பே, லாப்ரடார், கனடா

610 கடல் மைல், நாலரை மணி நேரம். காடு, ஏரி, மறுபடி காடு. டாங்க் ஒழுங்காக வேலை செய்தது. காற்றுக் குழாயைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் இப்போதே வந்துவிட்டது.

கேபினில் பெட்ரோல் வாசனை லேசாக இருந்துகொண்டே இருக்கிறது. ஜெர்ரி மோக் நினைவுக்கு வந்தார். 1964-ல் தனியாக உலகைச் சுற்றிப் பறந்த முதல் பெண். அவர் ஓட்டியதும் இதே குடும்பத்து விமானம்தான், செஸ்னா 180. அவருக்குப் பின்னாலும் இருக்கைக்குப் பதில் பெட்ரோல் டாங்குகள்தான். பாலைவனத்துக்கு மேலே ரேடியோ ஆன்டெனாவை இயக்கும் சின்ன மோட்டார் சூடேறிக் கருகும் வாசனை வந்தது, அதை அணைத்துவிட்டுப் பறந்தார். இந்த வாசனையை முகர்ந்துகொண்டு அதைப் படித்தால்தான் அவருடைய நிதானம் எவ்வளவு பெரியது என்று புரிகிறது.

மாலையில் தங்குமிடத்தில் இரண்டு விமானிகளோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் லாப்ரடார் கரையோர ஊர்களுக்குப் போய் நோயாளிகளை ஏற்றி வருகிறவர். நெய்ன் போன்ற ஊருக்குச் சாலையே கிடையாது, விமானம் இல்லாவிட்டால் படகு. "நோயாளி யார், என்ன வயசு என்பதை எனக்குச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். வானிலையைப் பார்த்துப் போகலாமா என்று முடிவு செய்த பிறகு சொல்லட்டும். முதலிலேயே குழந்தை என்று தெரிந்தால் மேகம் கொஞ்சம் உயரமாகத் தெரிய ஆரம்பித்துவிடும்" என்றார். இதை வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொருவர் இளைஞர், நிலத்தடிக் கனிமம் தேடும் சர்வே விமானம் ஓட்டுகிறார். தரையிலிருந்து நூறு மீட்டர் உயரத்தில், வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி கோடு கோடாக, நாள் முழுக்கப் போய் வர வேண்டும். அமெரிக்காவில் 250 மணி நேரம் பறந்திருந்தால் சம்பளத்துக்குப் பறக்கும் உரிமம் கிடைத்துவிடும். ஏர்லைன்ஸில் சேர பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பலர் இந்த வேலைகளுக்கு வருகிறார்கள். அவரும் அப்படித்தான் வந்தாராம். இப்போது 1,500 தாண்டிவிட்டது, விண்ணப்பம்தான் இன்னும் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "கோடு நேராக வருகிறது, அதை விட மனசு வரவில்லை" என்றார்.

நாள் 3, கூஸ் பே

போகவில்லை. கிரீன்லாந்துக் கரையில் மூடுபனி.

நாள் 4, கூஸ் பே

இன்றும் போகவில்லை. கிரீன்லாந்தில் நான் இறங்க வேண்டிய நார்சர்சுவாக்கில் மேகம் தாழ்வாகக் கிடக்கிறது. மதியம் கொஞ்சம் தெளியும் என்று அறிக்கை சொன்னது. வாங்கியவர் போனில் கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை, "எப்போது வருவீர்கள்?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று சொன்னேன். இந்தப் பதிலைத் தயங்காமல் சொல்லப் பழக எனக்குச் சில வருஷம் ஆயிற்று.

நார்சர்சுவாக் எப்படிப்பட்ட இடம் என்று சொன்னால் காத்திருப்பது ஏன் என்று விளங்கும். 1941-ல் அமெரிக்க ராணுவம் போர்க்காலத்தில் அமைத்த விமானத் தளம் அது. ஃபியோர்டு என்கிற ஒடுங்கிய கடல் நாக்கு மலைகளுக்கு நடுவே உள்ளே போகிறது. அதன் தலைமாட்டில் 1,800 மீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரே ஒரு ரன்வே. அதற்கு அப்பால் பனிப்பாறை. மேகம் தாழ்ந்திருக்கும்போது கடலோடு ஒட்டி ஃபியோர்டுக்குள் நுழைந்து இறங்கிவிடலாம் என்று ஆசை வரும். ஆனால் கரையில் பார்த்தால் ஒரே மாதிரி வாய்கள் பல தெரியும். தப்பானதில் நுழைந்தால் முடிவில் மலைச்சுவர், திரும்ப அகலம் இருக்காது. அதனால் மேகத்துக்குக் கீழே நல்ல உயரம் இருந்தால்தான் போவேன் என்று எனக்கு நானே ஒரு எண் வைத்திருக்கிறேன். அந்த எண்ணைக் கிளம்பும் நாளில் மாற்ற மாட்டேன்.

இந்தப் பாதையே ஃபெர்ரி விமானிகள் போட்டதுதான். 1940 நவம்பர் 10 அன்று, இங்கிருந்து தென்கிழக்கே இருக்கும் கேண்டர் விமானத் தளத்திலிருந்து ஏழு ஹட்சன் குண்டுவீச்சு விமானங்கள் டி.சி.டி. பென்னட் தலைமையில் கிளம்பின. குளிர்காலம் நெருங்கும் நேரத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டுவது நடக்காத காரியம் என்று பலர் நினைத்திருந்தார்கள். வழியில் மோசமான வானிலையில் ஒன்றையொன்று தவறவிட்டும், ஏழும் மறுநாள் காலை வட அயர்லாந்து போய்ச் சேர்ந்தன. அதே போரில் பிரிட்டனுக்குள் விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஏ.டி.ஏ. அமைப்பில் 168 பெண் விமானிகள் இருந்தார்கள். பெரும்பாலும் ரேடியோவே இல்லாமல், இதுவரை தொட்டிராத ரக விமானத்தில் ஏறி, சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புவார்களாம். 1943 முதல் அவர்களுக்கு ஆண்களுக்கு இணையான சம்பளமும் கிடைத்தது. போர் முடியும்போது அந்த அமைப்பு கொண்டுசேர்த்த விமானங்கள் 3 லட்சத்துக்கு மேல். இந்தத் தொழிலில் நான் இருக்கிறேன் என்று சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

நாள் 5, நார்சர்சுவாக், கிரீன்லாந்து

வந்து சேர்ந்துவிட்டேன். நிதானமாக எழுதுகிறேன்.

விடியற்காலை அறிக்கையில் மாலை வரை மேகம் உயரம் என்று வந்தது. காற்று மட்டும் எதிரே, 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல். தூரம் 680 கடல் மைல். சாதாரணமாக 140 நாட் போகும் விமானம் இன்று தரைக்கணக்கில் 120 தான் போகும். திரும்பி வந்தால் 160. இந்த இரண்டு எண்ணும்தான் முக்கியம். நடுவழி 340-வது மைலில் வருகிறது. ஆனால் அங்கே எஞ்சின் தகராறு செய்தால் திரும்புவதுதான் சீக்கிரம், ஏனென்றால் காற்று பின்னாலிருந்து தள்ளும். போனாலும் திரும்பினாலும் ஒரே நேரம் ஆகும் இடம் கிட்டத்தட்ட 390-வது மைலில்தான் வரும். அந்த இடத்தைப் படத்தில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டேன். அதற்கு முன்னால் நார்சர்சுவாக் வானிலை கெட்டதாகச் செய்தி வந்தால், பேச்சுக்கே இடமில்லை, திரும்புவேன்.

அப்புறம் குளிர்காப்பு உடை. கனடாவிலிருந்து ஒற்றை எஞ்சினில் கடல் தாண்டுகிறவர்களுக்கு அதுவும் உயிர்காப்புப் படகும் விதிப்படி கட்டாயம். கழுத்தில் ரப்பர் இறுக்கிப் பிடிக்கும், வெயில் பட்டால் உள்ளே வியர்த்துக் கொட்டும். சிலர் இடுப்பு வரை மட்டும் போட்டுக்கொள்வார்கள். நான் முழுக்கப் போட்டு ஜிப்பை மேலே இழுத்துவிடுவேன். குளிர்நீரைப் பற்றிச் சொல்லித் தருகிறவர்கள் ஒன்று, பத்து, ஒன்று என்பார்கள். விழுந்ததும் திணறும் மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம். விரல்கள் சொன்னபடி கேட்பது பத்து நிமிடம். நினைவு தப்ப ஒரு மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் ஜிப்போடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை. படகு வலது இருக்கையில், கயிறு என் கைக்கு எட்டும் இடத்தில்.

கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் மாறின மாதிரி இருந்தது. கடல் தாண்டும் எல்லோருக்கும் இது வரும். எண்ணெய் அழுத்தம், சிலிண்டர் சூடு, பெட்ரோல் ஓட்டம் ஒவ்வொன்றையும் லாப்ரடார் காட்டுக்கு மேலே எழுதி வைத்திருந்த எண்களோடு ஒப்பிட்டேன். எதுவும் மாறவில்லை. அதற்காகத்தான் எழுதி வைப்பது.

இரண்டரை மணி நேரம் கழிந்திருக்கும். 7,000 அடியில் மேகத்துக்குள் நுழைந்தேன். வெப்பமானி பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி கீழே. இறக்கையைத் தாங்கும் கம்பியின் முன்விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், உறைபனி முதலில் தெரிவது அங்கேதான். முதலில் ஈரம் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு. அப்புறம் உப்பு தூவின மாதிரி வெள்ளை. ஐந்து நிமிடத்தில் சுண்டுவிரல் நகத்தின் தடிமன் ஆகிவிட்டது. இந்த விமானத்தில் பனியை உதிர்க்கும் வசதி எதுவும் கிடையாது. வேகம் நாலு நாட் குறைந்தது. எரிபொருள் கணக்கு கெடும் என்று தெரிந்தும், யோசிக்காமல் 3,000 அடிக்கு இறங்கினேன். அங்கே மூன்று டிகிரி. கொஞ்ச நேரத்தில் கம்பியிலிருந்து வெள்ளை துண்டு துண்டாகப் பெயர்ந்து பின்னால் பறந்தது.

ஆனால் அவ்வளவு தாழ்வாக வந்ததும் யாரோடும் பேச முடியவில்லை. சாதாரண ரேடியோ எட்டவில்லை. தொலைதூர எச்.எஃப். ரேடியோவில் இரைச்சல் மட்டும். உயரத்தை மாற்றியிருக்கிறேன், அதைச் சொல்லியாக வேண்டும். நார்சர்சுவாக் வானிலையும் தெரியவேண்டும், சிவப்புக் குறிக்கு இன்னும் நாற்பது மைல்தான். விமானங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 123.45 அலைவரிசையில் கூப்பிட்டேன்.

"மேலே போகிற எந்த விமானமானாலும் சரி, இது ஒற்றை எஞ்சின் செஸ்னா, 3,000 அடி. கேண்டர் ரேடியோவுக்கு ஒரு செய்தி சேர்க்க முடியுமா?"

உடனே ஒரு பெண் குரல் வந்தது. ஏதோ ஏர்லைன்ஸ் கேப்டன், எனக்கு மேலே பதினோரு கிலோமீட்டர் உயரத்தில். என் இடம், உயரம், அடுத்த இடத்தை எப்போது தொடுவேன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்தார். மூன்று நிமிடத்தில் மறுபடி வந்தார். செய்தி சேர்ந்துவிட்டது. நார்சர்சுவாக்கில் காற்று லேசாக இருக்கிறது, மேகம் உயரத்தில் இருக்கிறது என்றார். அப்புறம், "எங்கள் ரேடியோ எட்டும் வரை இந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார். நான் நன்றி சொன்னேன். அந்தக் குரலுக்குப் பின்னால் முந்நூறு பேர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

சிவப்புக் குறியைத் தாண்டினேன். இனி திரும்ப வேண்டியதில்லை.

கரை முதலில் மேகம் மாதிரிதான் தெரிந்தது. அப்புறம் மேகத்துக்கு ஓரங்கள் முளைத்தன. கீழே பனிமலைகள் மிதந்தன, தண்ணீருக்கு அடியில் இருக்கும் பகுதி வெளிர்பச்சையாகத் தெரிந்தது. ஃபியோர்டின் வாயைப் படத்தோடு இரண்டு முறை சரிபார்த்துவிட்டு நுழைந்தேன். இரண்டு பக்கமும் பாறைச்சுவர். கடைசி வளைவு திரும்பியதும் ரன்வே எதிரே நின்றது, பனிப்பாறையை நோக்கி மேலேறும் சரிவோடு. மேட்டில் இறங்குவது போல இருப்பதால் தரை எதிர்பார்த்ததற்குக் கொஞ்சம் முன்னாலேயே சக்கரத்தைத் தொட்டுவிடும். பறந்த நேரம் ஐந்து மணி ஐம்பது நிமிடம். உடையைக் கழற்றியபோது உள்ளே போட்டிருந்த சட்டையைப் பிழியலாம் போல இருந்தது.

நாள் 6, நார்சர்சுவாக்

கிரீன்லாந்தின் உட்பகுதியை மூடியிருக்கும் பனிப்படலத்திலிருந்து காற்று கீழ்நோக்கிப் பாய்கிறது. ஃபான் என்று பெயர், இந்த ஊருக்குப் பேர்போன காற்று. விமானத்தை இரட்டைக் கயிற்றால் கட்டிவிட்டேன்.

நாளை தாண்ட வேண்டிய பனிப்படலத்தைப் பற்றித்தான் நினைப்பு. 1942 ஜூலை 15-ல் ஆறு பி-38 சண்டை விமானங்களும் இரண்டு பி-17 விமானங்களும் மோசமான வானிலையில் சிக்கி, எரிபொருள் தீர்ந்து கிரீன்லாந்துப் பனிமேல் இறங்கின. ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். விமானங்கள் பனிக்குள் புதைந்துபோயின. ஐம்பது வருஷம் கழித்து, 1992-ல், அதில் ஒரு பி-38-ஐ 82 மீட்டர் ஆழத்திலிருந்து துண்டு துண்டாக வெளியே எடுத்தார்கள். 2002-ல் அது மறுபடி பறந்தது.

நாள் 7, ரேக்யவிக், ஐஸ்லாந்து

காற்று நின்றது. இன்று பின்காற்று, அதனால் பின் டாங்கில் 100 லிட்டர் மட்டும் போட்டேன். நிறையப் போட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் கிளம்பியதும் பனிப்படலத்துக்கு மேலே ஏறியாக வேண்டும், ஒவ்வொரு கிலோவும் ஏற்றத்தைக் குறைக்கும். ரன்வேக்கு மேலேயே வட்டம் அடித்து அடித்து 12,000 அடி ஏறினேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய்.

பனிப்படலம் எனக்குப் பயத்தை விட மரியாதையைத்தான் தந்தது. கீழே வெள்ளை, தூரத்து வானமும் வெள்ளை. இரண்டும் சேரும் கோடு இல்லை. கண்ணை நம்பாமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தேன். கிழக்குக் கரையில் கறுப்பு மலைகள் பனியைக் கிழித்துக்கொண்டு எழுந்தபோதுதான் தோள் இறுக்கம் தளர்ந்தது. 670 மைல், நாலே கால் மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கும் இங்கே வெளிச்சம்.

நாள் 8, விக், ஸ்காட்லாந்து

பயணத்தின் கடைசிக் கட்டம். 640 மைல். வானம் தெளிவு, சொல்ல அதிகம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பாதி வழியில் 123.45-ல் ஒரு குரல். எதிர்த்திசையில், விக்கிலிருந்து ரேக்யவிக் போகும் சின்ன விமானம். தாழ்வாக வருகிறார், ஐஸ்லாந்து ரேடியோ எட்டவில்லை. யாராவது செய்தி சேர்க்க முடியுமா என்று கேட்டார். நான் 9,000 அடியில் இருந்தேன், எனக்கு எட்டியது. அவருடைய இடத்தை எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்து, சேர்த்தேன். முன்னால் உறைபனி உண்டா என்று கேட்டார். நான் தாண்டிவந்த மேகத்தின் அடி எங்கே, எந்த உயரத்தில் வெப்பம் பூஜ்யம் ஆகிறது என்று சொன்னேன். "இதுதான் எனக்கு முதல் முறை" என்றார். உடை முழுக்கப் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். இடுப்பு வரை என்றார். மேலே இழுத்துவிடச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஜிப் ஏறிவிட்டது என்று சொன்னார். ரேடியோ எட்டும் வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி, அப்படியே செய்தேன்.

விக்கில் மாலை நாலரைக்கு இறங்கினேன். வாங்கியவர் வேலியோரம் நின்றிருந்தார். இறக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஒரு சுற்று சுற்றி வந்தார். மெக்கானிக்கோடு சேர்ந்து, ரேக்யவிக்கில் மறுபடி நிரப்பியிருந்த பின் டாங்கில் மிச்சமிருந்ததை வடித்தோம். என் கணக்கில் 137 லிட்டர் இருக்க வேண்டும், 140 வந்தது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவருக்காக எழுதினேன்: இடது கதவின் ரப்பர் மேல் மூலையில் தேய்ந்திருக்கிறது, மழையில் ஒழுகும். திசைகாட்டி கிழக்கே போகும்போது இரண்டு டிகிரி கூடக் காட்டும். எஞ்சின் எண்கள் எல்லாம் முன்பக்கத்தில், மணிக்கு மணி.